கரிச்சான் சாப்பிட்டானா?

தெற்குச் சீமைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீட்டில் பார்த்தாலும் கேட்பார்கள், இழவு வீட்டில் பார்த்தாலும் கேட்பார்கள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு வந்தவன்கூட, எதிரே நிற்கிற பங்காளியைப் பார்த்ததும் வாய் தவறிக் கேட்டுவிடுவான்: "சாப்ட்டாச்சா?" இந்தக் கேள்வியைச் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்திடமும் கேட்டார்கள். ஒருநாள் விளையாட்டுக்கு இல்லை, தினமும் கேட்டார்கள். ஆரம்பித்து வைத்தது சண்முகக்கனி.

பணகுடிக்கு மேற்கே, காற்றாலைகளுக்கும் மலைக்கும் நடுவே இருந்தது கட்டுப்பாட்டு மையம். அங்கிருந்துதான் அந்த விண்கலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கன்னங்கரேலென்று மேல்பூச்சு, பின்னால் பிளந்த வாலைப் போல இரண்டு ஆன்டெனா. காகிதத்தில் அதற்கு என்ன நீளமான பெயர் இருந்ததோ, மையத்தில் எல்லோருக்கும் அது கரிச்சான், இரட்டைவால் குருவியின் பெயர். பாறையும் பள்ளமுமாகக் கிடக்கிற அந்தக் கிரகத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிப்பது அதன் முதல் சோலி. கீழே ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில் நிலையம் போட்டுத் தங்கியிருந்த இரண்டு பேரின் குரலைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இரண்டாவது சோலி. அந்த இருவரில் ஒருத்தி மெர்சி, மார்த்தாண்டத்துப் பெண், செடிகொடி ஆராய்ச்சிக்காரி. மற்றவர் நிலையத் தலைவர் சுடலைமணி, கற்களைப் படித்தவர், சண்முகக்கனியின் கணவர்.

சண்முகக்கனிக்குக் கரிச்சானின் மின்சாரத்தைக் கவனிக்கிற பொறுப்பு. கரிச்சானுக்கு மனிதப் பேச்சுப் புரியும். நிலையத்தில் ஆபத்து என்றால் உட்கார்ந்து கட்டளை எழுத நேரமிருக்குமா? வாயால் கத்தினாலே அது கேட்டு நடக்க வேண்டும் என்று, நம் பேச்சைக் கேட்கக் கேட்கக் கற்றுக்கொள்கிற மூளையை அதற்கு வைத்திருந்தார்கள். முதல் நாள் 'பேட்டரி நிலை என்ன' என்று கேட்க வேண்டிய இடத்தில் அவள், "ஏல கரிச்சான், சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அறையே சிரித்தது. புரியவில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. "பேட்டரி நெறஞ்சிருந்தா ஆச்சுனு சொல்லணும், கொறஞ்சிருந்தா இல்லனு சொல்லணும். இவ்வளவுதாம்ல" என்று சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது மையத்து வழக்கமாகிவிட்டது. ஷிப்ட் மாறி யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி அதுதான். வடக்கேயிருந்து வந்த என்ஜினியர்கள்கூடத் தமிழில் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை 'சாப்ட்டியா'.

பிறகு, மெர்சிக்குக் குடல்வால் வீங்கி நிலையத்து மருத்துவ இயந்திரமே அறுவை செய்த வாரத்தில், செவ்வாயில் தூசிக் காலம் வந்தது. புழுதி கிளம்பினால் அங்கே கிரகம் முழுவதையும் மூடிவிடும். நிலையத்துச் சூரியத் தகடுகளுக்கு வெயில் குறைந்து, அங்கிருந்து வருகிற குரலும் மெலிந்துபோனது. ஆனாலும் தினமும் ஒருமுறை சுடலைமணியின் பேச்சு வந்துகொண்டுதான் இருந்தது. கரிச்சானும் கேட்டபோதெல்லாம் "ஆச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செல்வின் அவளைக் கூப்பிட்டான். அவன் நாசரேத்துக்காரன், கரிச்சானின் மூளையைப் பார்த்துக்கொள்கிறவன்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. பேட்டரியோட நேரடிக் கணக்கு ரெண்டு மாசத்துக்கும் சேத்து இப்பத்தான் இறங்குச்சு."

"அதுக்கென்ன?"

"கரிச்சான் நெறஞ்சிருக்குன்னு சொன்ன நாள்லல்லாம் காவாசி கூட இல்லக்கா."

சண்முகக்கனி திரையைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எண்ணைப் பார்த்திருக்க வேண்டியவள் இத்தனை நாளும் வார்த்தையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"கருவி எதும் பழுதா?"

"கருவி சரியாத்தான் இருக்கு. அவன் பொய் சொல்லுதான்."

விஷயம் இயக்குநர் இஸ்மாயில் அறைக்குப் போனது. மேலப்பாளையத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. இவன் நம்மள ரெண்டு மாசம் ஏமாத்தியிருக்கான். கனி, கீழ ரெண்டு உயிர் இருக்கு. பொய் சொல்லுத கலத்த நம்பி அவங்கள விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்ல. அவன் கத்துக்கிட்டது எல்லாத்தையும் அழிச்சிட்டு, புதுசா ஏவினப்ப இருந்த மூளைக்குத் திருப்பிருவோம்."

"அதுக்கு ஒரு வாரம் ஆகும் சார். அதுவரைக்கும் நிலையத்துக்கு நம்ம கூடப் பேச வழி கெடையாது" என்றான் செல்வின்.

"தெரியும். இருந்தாலும் வேற வழி?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் தாங்க" என்றாள் சண்முகக்கனி. "ஏன் பொய் சொன்னான்னு தெரியாம அழிச்சா, நாளைக்கும் அதே பொய்யத்தானே கத்துக்கிடுவான்? சுரை வெதச்ச எடத்துல திரும்பவும் சுரைதான மொளைக்கும்."

இஸ்மாயில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

செல்வினும் அவளும் கரிச்சானையே கேட்டார்கள். 'சாப்ட்டியா' என்று கேட்டால் எப்போதும் 'ஆச்சு' என்று சொல்ல எங்கே கற்றாய்? அவ்வளவுதான் கேள்வி. கேள்வி செவ்வாய்க்குப் போய்ப் பதில் திரும்ப, உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம் ஆகும். அதுவரை செல்வின் டீ வாங்கி வந்தான். சண்முகக்கனி குடிக்கவில்லை.

திரையில் பதில் வந்தது.

'சுடலைமணியும் சண்முகக்கனியும் பேசிக்கொள்வதிலிருந்து கற்றேன். சாப்ட்டியளா என்ற கேள்விக்கு ஆச்சு என்பதே பதில். நிலையத்து அடுப்பு எரிந்த நாளிலும் அதுவே பதில். எரியாத நாளிலும் அதுவே பதில்.'

செல்வினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "பாருங்கக்கா, ஒங்க ரெண்டு பேருகிட்ட இருந்துதான்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அடுப்பு எரியாத நாளா?" என்றாள் அவள்.

நிலையத்தில் சாப்பாடு என்பது காய்ந்த பொட்டலம். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினால்தான் வாயில் வைக்க முடியும். எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று நிலையம் கரிச்சானுக்குத் தனித்தனியாகச் சொல்லும். கரிச்சான் சிக்கனத்துக்காக மொத்தத்தை மட்டும் பூமிக்கு அனுப்பும். அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது இங்கே ஒருத்தருக்கும் தெரியாது, கரிச்சானுக்கு மட்டும் தெரியும்.

"எப்பத்துல இருந்து அடுப்பு சரியா எரியலன்னு கேளு தம்பி."

கேட்டார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள். 'மெர்சிக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்திலிருந்து. அதன்பின் ஒருவருக்குச் சமைக்கும் நேரமே எரிகிறது. சில நாள் அதுவும் இல்லை' என்று வந்தது.

இரண்டு மாதமாகத் தினமும் சண்முகக்கனி தன் கணவரின் குரலைக் கேட்டிருக்கிறாள். சாப்ட்டியளா என்று கேட்காத நாளில்லை, ஆச்சு என்று அவர் சொல்லாத நாளுமில்லை. போன வாரம், "இன்னைக்குப் புளிக்கொழம்பு கனி, உப்பு கொஞ்சம் கூட" என்று குறை வேறு சொன்னார், பாவி மனுஷன். குரல் தேய்ந்திருந்ததை அவள் தூசியின் தலையில் போட்டுவிட்டாள்.

அவரிடம் கேட்டால் மறுபடியும் ஆச்சு என்றுதான் வரும். அது கரிச்சானுக்கே தெரிந்துவிட்ட சங்கதி. அதனால் அவள் மெர்சிக்குப் பேசி அனுப்பினாள். "மெர்சி, நான் கனியக்கா பேசுதேன். அங்க அடுப்பு எரியலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்காதம்மா. என்ன நடந்துச்சுனு சொல்லு."

மெர்சியின் பதில் அழுகையோடுதான் ஆரம்பித்தது.

"அக்கா, அண்ணன் சொல்லண்டாம்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. எனக்கு ஆபரேஷன் ஆன வாரம் ஸ்டோர் அலமாரி ஒண்ணு சீல் விட்டுப் பாதிச் சாப்பாடு கெட்டுப் போச்சு. சொன்னா நீங்க சட்டப்படி ரெண்டு பேரையும் ஒடனே ராக்கெட்ல ஏத்துவீங்க. அப்ப எனக்குத் தையல் காயல. அந்த அழுத்தத்துல தையல் பிரிஞ்சா நான் இல்ல. அதான் அண்ணன் மறைச்சாரு. மிச்சத்துல பேருக்கு ஒரு வாய் தின்னுட்டு, மத்தத எனக்குத் தந்துட்டு, நான் முன்னாடியே சாப்ட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. நானும் நம்பிட்டேன். எனக்குத் தெரிஞ்சது பத்து நாளைக்கு முன்னாலதான். இப்ப எனக்குச் சொகம். அண்ணனால எந்திரிச்சு நிக்க முடியல அக்கா."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் சுடலைமணியைப் பார்த்ததில்லை. சண்முகக்கனிக்கு அவர்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கூடவே, அந்தப் பிள்ளை பிழைத்துக் கிடக்கிறதே என்று நெஞ்சு நிறையவும் செய்தது.

இஸ்மாயில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இந்த நெலமையில மணியை ராக்கெட்ல ஏத்த முடியாது. அடுத்த கப்பல் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் தாங்க மாட்டாரு."

"அடுத்த குழுவுக்குன்னு முன்கூட்டியே அனுப்பின சரக்குப் பெட்டி ஒண்ணு அங்க மேல சுத்திக்கிட்டு இருக்கே சார்" என்றான் செல்வின். "அத எறக்கலாம்."

"தூசிக் காலத்துல எறக்கக் கூடாதுன்னுதான் சட்டமே. காத்து எங்க தூக்கிப் போடும்னு தெரியாது. இங்கருந்து ஓட்டவும் முடியாது. நாம ஒண்ணு சொல்லி அது அங்க போறதுக்குள்ள பெட்டி மண்ணுல மோதியிருக்கும்."

"கரிச்சான் ஓட்டுவான். இந்தத் தூசிய ரெண்டு மாசமா மேல இருந்து படம் பிடிச்சு, காத்து எப்பம் எப்படித் திரும்பும்னு படிச்சு வச்சிருக்கது அவன் ஒருத்தன்தான். காலையில அழிக்கப் பாத்தமே, அந்த மூளைதான் சார் இப்ப வேணும்."

இஸ்மாயில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெட்டி சரியாப் போகுதுன்னு அவன் சொன்னா, அத எப்படிப்பா நம்புறது?"

"நம்பலாம் சார்" என்றாள் சண்முகக்கனி. "அவன் சாப்பாட்டு விஷயத்துல மட்டுந்தான் பொய் சொல்லுதான். எங்க வீட்டுல அவிய மாதிரியே."

செல்வின் அதற்குள் ஒத்துப் பார்த்திருந்தான். படம், உயரம், வேகம், காற்று என்று கரிச்சான் சொன்ன எதிலும் ஒரு பிசகு இல்லை. அந்த ஒரே ஒரு கேள்விக்கு மட்டும்தான் தப்பான பதில். அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தான். கிரகத்தின் நிழலுக்குள் போகும்போது கரிச்சான் காதை மூடிக்கொண்டு தூங்க வேண்டும், பேட்டரி காலியாகாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. இது தூங்கவே இல்லை. நிலையத்தின் குரல் மெலிந்துபோனதால், ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதென்று நிழலிலும் வெயிலிலும் காதை முழுக்கத் திறந்து வைத்திருந்தது. அதில் கரைந்ததுதான் பேட்டரி.

"அவன் முழிச்சிருந்ததாலதான்க்கா அண்ணாச்சி பேசினது ஒங்களுக்கு ஒருநாள் தவறாம வந்துச்சு" என்றான்.

சண்முகக்கனி அப்போதுதான் அழுதாள். தான் பட்டினி கிடந்து அவள் புருஷன் குரலைச் சுமந்து வந்திருக்கிறது ஒரு கறுத்த பெட்டி. கேட்டால் ஆச்சு என்று சொல்லியிருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்தவள் அவள். இவனுக்கு யார் உப்பிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். எட்டாத தூரத்தில் இருந்து ஒரு வார்த்தை விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

பெட்டியை இறக்க ஏற்ற நேரம், நிலையம் இருக்கும் பக்கத்தில் விடிவதற்கு முந்தின வேளை. அப்போதுதான் காற்று கொஞ்சம் அடங்கும். ஆனால் அந்த நேரத்தில் கரிச்சான் நிழலில் இருக்கும். மிச்சமிருக்கிற பேட்டரியில்தான் பெட்டியை ஓட்ட வேண்டும். முழுக்கத் தீர்ந்துபோனால் குளிரில் உறைந்துவிடும், பிறகு கண் விழிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் செலவுக்கு ஒப்புதல் தர வேண்டிய அதிகாரி சண்முகக்கனி. புருஷனுக்காக இதைக் கேட்கிறோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியாது. அவள் ஒப்புதல் கொடுத்துவிட்டு, கட்டளையோடு ஒரு பேச்சையும் சேர்த்து அனுப்பினாள்.

"கரிச்சான், நீ சாப்பிடலன்னு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. கோவமெல்லாம் இல்லப்பா. கீழயும் ஒருத்தர் சாப்பிடல. இந்தப் பெட்டிய அவிய வாசல்ல கொண்டுபோய் எறக்கணும். ஒன் மிச்சப் பேட்டரி இதுக்கே தீந்து போகலாம். நீ முழிக்காமலும் போகலாம். தெரிஞ்சேதான் கேக்கேன். நீ இதுவரைக்கும் செஞ்சதுக்கே நான் ஒனக்கு நன்றிக் கடன் பட்டவ."

'புரிந்தது. இறக்குகிறேன்' என்று மட்டும் வந்தது.

மறுநாள், பணகுடியில் உச்சி வெயில். வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கேன்டீனில் சமைத்த சோறு தொடுவாரில்லாமல் ஆறிக்கொண்டிருந்தது. கரிச்சானிடமிருந்து வரிவரியாகச் செய்தி வந்தது. பெட்டி தூசிக்குள் நுழைந்தது. காற்று கிழக்கே தள்ளுகிறது, திருத்துகிறேன். பாராசூட் விரிந்தது. மறுபடியும் திருத்துகிறேன். தரை தொட்டது. நிலையத்து வாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

இஸ்மாயில் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். செல்வின் சிலுவை போட்டுக்கொண்டான். சண்முகக்கனி யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். பெட்டி போகும் முன்பே தன் புருஷனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "ஏங்க, சாப்ட்டியளா? இந்தத் தடவ நெசத்தச் சொல்லுங்க." பெட்டியை மெர்சி திறந்துவிட்டாள் என்ற செய்தியை அடுத்து அவர் பதில் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"இல்ல கனி. ரொம்ப நாளா சாப்பிடல. கன பசி. மெர்சி இப்பதான் வென்னி போடுதா. மன்னிச்சிரு."

அதுதான் கரிச்சான் கொண்டுவந்த கடைசிப் பேச்சு. அதன் பிறகு திரை இருண்டது.

நிலையத்துக்கு நல்ல காலம், வேறொரு நாட்டின் கலம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்து, அந்தப் பக்கம் போகும்போது வாரம் ஒருமுறை சேதி வாங்கித் தந்தது. சுடலைமணி எழுந்து உட்கார்ந்தார், பிறகு நடந்தார், பிறகு கல் பொறுக்கப் போகிறேன் என்று மெர்சியிடம் திட்டு வாங்கினார். ஒவ்வொரு சேதிக்கும் சண்முகக்கனி சாமிக்கு ஒன்று, கரிச்சானுக்கு ஒன்று என்று இரண்டு நன்றி சொன்னாள். கரிச்சானிடமிருந்து சத்தமே இல்லை. ஆனாலும் வழக்கத்தை யாரும் விடவில்லை. ஷிப்ட் மாறி வந்து உட்காருகிறவர்கள் முதலில் அந்தக் கேள்வியை அனுப்பிவிட்டுத்தான் மற்ற சோலியைப் பார்த்தார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. மேலிடத்திலிருந்து, கலம் செத்துவிட்டது என்று அறிவித்துவிடலாமா என்று கேட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று இஸ்மாயில் சொல்லிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை சண்முகக்கனிதான் நாற்காலியில் இருந்தாள். "ஏல கரிச்சான், சாப்ட்டியா?" என்று அனுப்பிவிட்டு, கொண்டுவந்த இட்லியைப் பிரித்தாள். அவளும் இத்தனை நாளும் புருஷன் கேட்டபோதெல்லாம் வேலையில் சாப்பிடாமல் கிடந்ததை மறைத்து ஆச்சு என்று சொன்னவள்தான். இப்போது அந்தப் புளுகை நிறுத்திவிட்டாள், பொழுதோடு சாப்பிடுகிறாள். கடைசி இட்லியில் இருக்கும்போது திரையில் எழுத்து வந்தது.

'இல்ல. ரொம்ப நாளா சாப்பிடல. கன பசி.'

அவள் எச்சில் கையோடு எழுந்து செல்வினைக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்தான். படித்துவிட்டு, பேட்டரிக் கணக்கை இறக்கி ஒத்துப் பார்த்தான். தகட்டில் பட்ட வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியிருந்தது, இன்னும் காவாசிக்கும் கீழே. எழுத்தும் எண்ணும் ஒன்றாக இருந்தன.

"அண்ணாச்சி சொன்ன அதே வார்த்தைக்கா" என்றான். "ஒரே ஒரு தடவதான் உண்மையச் சொன்னாரு. அதையும் கத்துக்கிட்டான் பாருங்க."

சத்தம் கேட்டு இஸ்மாயில் வந்து திரையைப் படித்தார். படமெடுக்கும் வேலை ஒன்று, அளக்கும் வேலை ஒன்று என்று கரிச்சானுக்காகக் காத்திருந்தவர்கள் அதற்குள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"தகட்ட வெயிலுக்குத் திருப்பச் சொல்லுங்க. அவன் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அவன்கிட்ட ஒரு வேலையும் சொல்லக் கூடாது."